பன்னிரண்டு பாட்டும் ஒற்றைக் காதும்

உலகத்தில் இதுவரை உருவான பாட்டுத் தொகுப்புகளில் ஒருவராலும் குறை சொல்லப்படாத தொகுப்பு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ‘கேள்வி பதில்’. மெட்டு திருட்டு மெட்டு என்று அதன்மேல் வழக்கு இல்லை. பாட்டு புரியவில்லை என்று எவனும் பேசியதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அதை முழுச் சத்தத்தில் வைத்து எவன் தூக்கத்தையும் கெடுத்ததில்லை. காரணம், அது வெளியே வரவே இல்லை. அதை வெளியிட வேண்டிய இசைக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் பதினேழாம் எண் இரும்பு அலமாரிக்குள் பூட்டப்பட்டு இருக்கிறது. கெட்ட பேர் எடுக்காமல் இருக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு அலமாரி வைத்திருந்தால் பாதிப் பேர் உத்தமர்களாகவே செத்திருப்பார்கள்.

இந்தச் சாதனையை மூன்று கலைஞர்கள் சேர்ந்து செய்ததாகக் கம்பெனிக் கோப்பு சொல்கிறது. கோப்பில் இருப்பதை நம்புகிறவன் கோப்பு எழுதினவனைப் பார்த்திருக்க மாட்டான். சாதித்தவர் ஒரே ஒருவர்தான். முப்பத்திரண்டு வருஷம் பெரிய லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர். உடன் ஓட்டியவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஹாரன்’. எதிரே வண்டி வந்தாலும் அடிப்பார், வராவிட்டாலும் அடிப்பார். எவன் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும்? யாரையும் நம்பக் கூடாது என்பது அவர் பள்ளிக்கூடம் போகாமலே படித்த பாடம்.

அந்த ஹாரனும் ஜன்னல் காற்றும் சேர்ந்து அவருடைய வலது காதைப் பதினாலு வருஷத்துக்கு முன்பே தின்றுவிட்டன. சங்கு ஊதினாலும் இடப்பக்கம் வந்துதான் ஊத வேண்டும். இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போய்விடும். மருத்துவர் ஒவ்வொரு காதிலும் ஒரு எண்ணை முணுமுணுத்துச் சோதித்த அன்றுகூட, பெரியவர் நாற்காலியோடு சுற்றி இரண்டு தரமும் இடது காதையே கொடுத்துத் தேறிவிட்டார். அதன்பிறகு எல்லாம் தலையாட்டலில் ஓடியது. எதிராளியின் வாய் நின்றதும் ஒரு தரம் ஆட்டுவார். முகத்தில் எதிர்பார்ப்பு தெரிந்தால் இரண்டு தரம். இந்த முறையில் பதினாலு வருஷக் குடும்ப வாழ்க்கை ஒரு கீறல் இல்லாமல் போயிற்று. அவர் மனைவி எங்கே போனாலும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். “என் வீட்டுக்காரி மரியாதை தெரிஞ்சவ, அதிகம் பேச மாட்டா” என்று கடைத்தெருவில் அவர் பெருமையடிப்பதுண்டு.

இனி அந்த மூன்று கலைஞர்கள். பெரியவரின் மகள் மெட்டுப் போடுவாள், பாடுவாள். மருமகன் பதிவு செய்வார், கருவிகளைக் கலப்பார், ஆண் குரலும் கொடுப்பார். பாட்டெழுதும் மூன்றாமவரை எல்லோரும் ‘கவிஞர்’ என்றார்கள். அவர் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. இவர்களின் ஸ்டூடியோ பெரியவர் வீட்டின் பின்னறை. பழைய டயரும் ஜாக்கியும் கிடந்த இடம். சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டினார்கள். கதவின் உள்பக்கம் ஒரு பழைய மெத்தையை ஆணி அடித்து மாட்டினார்கள். ஒரே வாரத்தில் மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, கும்பிட்ட கையோடு நின்றார். அன்றிலிருந்து ஸ்பீக்கர் நிறுத்தம். எல்லாம் ஹெட்ஃபோனில்தான்.

கம்பெனி ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ‘நுகர்வோர் ஒப்புதல் படிவம்’ வேண்டும். இசைப் பயிற்சி அறவே இல்லாத பொதுமனிதர் ஒருவர் பாட்டைக் கேட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

“மாமா, கம்பெனி ஒரு ஆளைக் கேக்குது” என்றார் மருமகன். “இசை பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளா இருக்கணுமாம்.”

“அதுக்கு எதுக்கு மாப்ள என்கிட்ட வர்றீங்க?”

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

“ஓ” என்றார் பெரியவர்.

அன்றே அவர் ‘முதன்மைச் செவி’ என்று பதவி ஏற்றார். கை வைத்த நாற்காலி ஒன்று ஒதுக்கப்பட்டது. ‘செவித் தூய்மை விதி’ ஒன்றும் வந்தது. பாட்டு முடியும்வரை முதன்மைச் செவி பின்னறைப் பக்கம் வரக் கூடாது, ஒத்திகையும் காதில் விழக் கூடாது. ஒத்திகை நேரங்களில் அவரைச் சலூனுக்கு அனுப்பிவைத்தார்கள். வெட்ட முடி இல்லாதவர் அங்கே உட்கார்ந்து பேப்பர் பார்த்துவிட்டு வந்தார்.

தொகுப்பின் தத்துவத்தை விளக்கும் பொறுப்பைக் கவிஞர் ஏற்றுக்கொண்டார். தத்துவம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது அவர் வழக்கம். பெரியவரின் வலப்பக்கம் குனிந்து நின்று, ரகசியம்போல் சொன்னார்.

“ஐயா, பன்னெண்டு பாட்டும் புருஷன் பெண்சாதி பேச்சு. அவன் இடது காதுல கேள்வி கேப்பான். அவ வலது காதுல பதில் சொல்வா. கேக்கிறவர் தலைதான் அவங்க வீடு. உலகத்துல யாரும் இப்படிச் செஞ்சதில்ல.”

வாய் நின்றது. முகத்தில் எதிர்பார்ப்பு இருந்தது. பெரியவர் இரண்டு தரம் தலையாட்டினார்.

“பார்த்தீங்களா? ஐயாவுக்கு உடனே புரிஞ்சிடுச்சு” என்று கவிஞர் கண் கலங்கினார்.

முதல் பாட்டு தயாரானது. மருமகன் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனை எடுத்து, முடிசூட்டுவதுபோல் மாமனார் தலையில் வைத்தார். அதில் இடது எது வலது எது என்று பார்த்து வைப்பதும் மருமகன் பொறுப்பு. பெரியவர் கண்ணை மூடினார். ஒருவன், “ஏன் சொல்லவில்லை?” என்று பாடினான். பிறகு வெறும் தட்டுச் சத்தம். மறுபடி, “ஏன் சொல்லவில்லை?” மறுபடி தட்டுச் சத்தம். நாலு நிமிஷம் இதே கதை.

“எப்படி மாமா?”

“கேக்குறான்.”

“ஆமா.”

“பதிலைக் காணோமே?”

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதில் அவள் பாடியது.

கவிஞர்தான் முதலில் எழுந்தார். “ஐயா என்ன சொல்றார்னா, பதில் இருக்கு, ஆனா அது பதிலா இல்ல.”

“நான் அப்படிச் சொல்லலையே. பதிலே இல்லன்னுதானே சொன்னேன்?”

“இன்னும் ஆழமாப் போறார்!” என்று கவிஞர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

படிவத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பெரியவர் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, ‘பதில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படித் தொடங்கியதுதான் அந்த மகத்தான திருத்தப் பணி. இரண்டாம் முறை பதிலை நீட்டினார்கள். மூன்றாம் முறை பதிலுக்குப் பின்னால் பத்து வயலின் சேர்த்தார்கள். ஏழாம் முறை மகள் அழுதுகொண்டே பாடினாள். ஒன்பதாம் முறை வார்த்தையே இல்லாமல் வெறும் “ம்ஹூம்” மட்டும் வைத்தார்கள். ஒவ்வொன்றும் வலது காதுக்குள் போய் அப்படியே அடங்கிற்று. கவிஞர், “பதிலைத் தேடிப் போறேன்” என்று ஒரு மலைக்குப் போனார். எட்டு நாள் கழித்து ஜலதோஷத்தோடு வந்தார். பெண் இப்போது என்ன பாட வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

“இப்ப பதில் ரொம்பப் பெருசாப் போச்சா மாமா?” என்று மருமகன் பயந்து கேட்டார்.

“பதில்னு ஒண்ணு இருந்தாத்தானே மாப்ள பெருசு சிறுசு?”

கவிஞர் இதையும் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

பெரியவர் மனதில் ஓடியது வேறு. இவர்கள் தன்னை ஆழம் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். பாதிப் பாட்டைப் போட்டுக் காட்டி, கிழவன் தலையாட்டுகிறானா என்று பார்த்து, பின்னால் போய்ச் சிரிப்பார்கள். ஏமாறுகிற ஆளா அவர்? எத்தனை சோதனைச் சாவடி பார்த்தவர்! ஊரெல்லாம் தலையாட்டித் தப்பித்தவர் ஹெட்ஃபோனுக்கு முன்னால் மட்டும் ஆட்டவே இல்லை. வாழ்க்கையில் அவர் நேர்மையாக இருந்த இடம் அது ஒன்றுதான். குடும்பத்தைக் கெடுக்க அது போதுமானதாக இருந்தது.

கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ‘தங்கள் செவியின் நேர்மை எங்களுக்கு வழிகாட்டியாக உள்ளது’ என்று திட்ட மேலாளர் எழுதியிருந்தார். பெரியவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில், தன் கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டினார்.

மூன்று வருஷம் போயிற்று. படிவம் நாற்பத்தொன்று ஆயிற்று. ஒப்புதல் ஒன்றுகூட ஆகவில்லை.

ஒரு நாள் காலை மகள் வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“அப்பா, முப்பதாம் தேதிக்குள்ள பன்னெண்டு படிவமும் பாஸாகிப் போகணும். இல்லேன்னா பாட்டு அத்தனையும் கம்பெனிக்குச் சொந்தமாயிடும். ஏழு வருஷத்துக்கு நான் அதை எங்கேயும் பாடக் கூடாது. அடுப்படியில முணுமுணுக்கக்கூடக் கூடாது.”

“முணுமுணுத்தா எவனுக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ப்பா. கையெழுத்துப் போட்டிருக்கேன்.” அவள் குரல் இறங்கிற்று. “ஏழு வருஷம் கழிச்சு எனக்கு நாப்பத்தாறு வயசு. அப்போ இந்தக் குரல் இருக்குமா, என்ன இருக்கும்னே தெரியாது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும். எனக்காகப் போடுங்களேன்.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவரிடம் ஒரு பேச்சு இருந்தது.

“முப்பத்திரண்டு வருஷம் லோடு அடிச்சிருக்கேன். தார்ப்பாயைத் தூக்கிச் சரக்கைப் பார்க்காம ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டதில்ல. உள்ள சரக்கு இல்லாம போட்டா அதுக்குப் பேரு திருட்டு.”

“சரக்கு இருக்குப்பா!”

“எனக்குக் கேக்கலையேம்மா.”

மூன்று வருஷத்தில் அவர் பேசிய ஒரே முழு உண்மை அதுதான். அவருக்கும் அது தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

முப்பதாம் தேதி கம்பெனியில் கூட்டம். ஒரு நீள மேசை, கம்பெனிக்காரர்களுக்கு எட்டு நாற்காலி, எட்டுத் தண்ணீர்ப் பாட்டில். முதன்மைச் செவிக்குத் தனி மரியாதையாக மேலாளர் பக்கத்திலேயே இடம். மேலாளர் எழுந்து நின்று வாசித்தார்.

“நாற்பத்தொரு படிவத்திலும் ஒரே குறிப்பு. இந்த அளவுக்கு ‘ஒருமித்த பொதுக்கருத்து’ நம்ம கம்பெனி வரலாற்றிலேயே கிடைச்சதில்ல.”

“நாப்பத்தொண்ணும் எங்கப்பா ஒருத்தர்தான் சார்” என்றாள் மகள்.

“அதனாலதான் ஒருமித்திருக்கு.”

“நீங்க ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார். நாலு நிமிஷம்தான்.”

மேலாளர் திடுக்கிட்டார். “நான் கேட்டா என் சொந்த அபிப்பிராயம் குறுக்க வந்துடும்மா. கம்பெனி அதை அனுமதிக்கிறதில்ல. நாங்க தொகுப்பை நிறுத்தல. ‘காலவரையற்ற ஓய்வு’தான் கொடுக்கிறோம்.”

ஓய்வு கொடுக்கப்பட்டது. கம்பெனிக்காரர்கள் எட்டுப் பேரும் கையெழுத்திட்டார்கள். பெரியவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வீடு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை பகல். திங்களன்று கம்பெனி ஆள் வந்து பாட்டெல்லாம் இருக்கிற பெட்டியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. மருமகன் கடைசியாக ஒரு தரம் எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டயரைத் திரும்ப எங்கே போடலாம் என்று இடம் பார்க்கப் பெரியவர் உள்ளே வந்தார். ஆணியில் ஹெட்ஃபோன் தொங்கியது. முடிசூட்ட ஆள் இல்லை. பதவி போன ராஜாதானே? தானே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

ஒரு பெண் பாடினாள்.

*சொன்னேனே, தொண்டை வற்றச் சொன்னேனே,*
*நீ தலையை ஆட்டினாய், நான் நம்பி நின்றேனே.*

பெரியவர் கண்ணை மூடவில்லை. அது அவர் மகளின் குரல். கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. வேறு வரி, வேறு கோபம். தட்டுச் சத்தம் மட்டும் இருந்த இடங்களில் எல்லாம் அவள் இருந்தாள். அழுதாள், சிரித்தாள், திட்டினாள், கடைசியில் மூச்சுக் காற்றாக முடிந்தாள். நல்ல பாட்டு. இசை தெரியாதவனுக்கும் தெரிகிற அளவுக்கு நல்ல பாட்டு. ஆனால் மூன்று வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

“மாப்ள!” என்று கத்தினார். “இப்ப கேள்வியைக் காணோம்!”

மருமகன் திரும்பிப் பார்த்தார். “ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டியிருக்கீங்க மாமா.” எழுந்து வந்து சரியாக மாட்டிவிட்டார்.

“இப்ப பதிலைக் காணோம்.”

மருமகன் மறுபடி திருப்பினார்.

“இப்ப கேள்வி போச்சு.”

திருப்பினார்.

“பதில் போச்சு.”

மருமகனின் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றினார். பெரியவரின் வலப்பக்கம் நகர்ந்து, சின்னக் குரலில், “மாமா, நீங்க ஒரு பெரிய முட்டாள்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

பெரியவர் ஒரு தரம் தலையாட்டினார்.

மருமகன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செய்த குற்றம் எதுவானாலும் பெரியவர் ஓடி ஒளிகிற ஆள் இல்லை. அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டு, இடது காதில் வைத்துக்கொண்டார்.

“சார், எனக்கு வலது காது கேக்காது. பாதிப் பாட்டுதான் கேட்டேன். அந்த நாப்பத்தொரு படிவமும் செல்லாது.”

மேலாளர் யோசித்தார். “படிவத்துல எத்தனை காதுன்னு கேள்வி இல்லையே சார். கையெழுத்து உங்களுதுதானே?”

“என்னுதுதான்.”

“அப்ப செல்லும். நீங்க எதுக்கு வருத்தப்படுறீங்க? நீங்களாவது ஒரு காதுல கேட்டிருக்கீங்க. நாங்க எட்டுப் பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம், ஒரு காதுலகூடக் கேக்கல. அடுத்த தொகுப்புக்கும் நீங்கதான் சார் முதன்மைச் செவி. உங்களை மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்க.”

கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பெரியவர் விஷயத்தைச் சொன்னார். கவிஞரும் வந்திருந்தார். சொல்லி முடித்ததும், தான் மலைக்குப் போய் வந்ததை நினைத்தோ என்னவோ, அவர் ஒரு தரம் தும்மினார்.

“எத்தனை வருஷமாப்பா?” என்றாள் மகள்.

“பதினாலு.”

“ஏன் சொல்லல?”

“லைசென்ஸ் போயிடும்னுதான்.”

“அது காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சுப்பா.”

அப்போது வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி ஏதோ சொன்னாள். எல்லோரும் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டு, பிறகு சுதாரித்து, “என்ன சொல்றா?” என்றார்.

“‘எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்’னு சொல்றாங்க” என்றார் மருமகன்.

“அம்மா!” என்று கவிஞர் அலறினார். “தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

அவள் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். “வீட்டுல பெரியவராச்சே, சும்மா மரியாதைக்கு உக்கார வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். இவர் சொல்றதைக் கேட்டு படிச்சவங்க மூணு பேரு பாட்டை மாத்துவீங்கன்னு நான் கண்டேனா? நான் இவர் சொல்றதைக் கேட்டு கறிகாயே வாங்கினதில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்த மெத்தைக் கதவுக்கு வெளிய துணி மடிச்சுக்கிட்டே பன்னெண்டையும் கேட்டிருக்கேன். முதல் தடவை பாடினதே நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப தினமும் என் வலப்பக்கமே உக்கார்றியே, அது?” என்று பெரியவர் சந்தேகத்தோடு கேட்டார்.

“மனசுல இருக்கிறதைச் சொல்ல எனக்கும் ஒரு இடம் வேணும்ல? எதிர்த்துப் பேசாத காது இந்த வீட்டுல அது ஒண்ணுதான்.”

பெரியவர் சுவரைப் பார்த்தார். கல்யாணப் படத்திலும் அவள் வலப்பக்கம்தான் நின்றாள். மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய செவியின் நேர்மை பளபளத்தது. எழுந்து போய் அதைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காது மகள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். ஓர் ஆளிடம் மன்னிப்புக் கேட்க அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

“ஒரே ஒரு தடவை பாடும்மா. ஒரு பாட்டு போதும். இந்தப் பக்கமா நின்னு பாடு.”

மகள் வந்தாள். அந்தக் காதருகே குனிந்தாள். தொகுப்பின் நாற்பத்திரண்டாவது பதிலை, ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

“முடியாதுப்பா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”